ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் போன்: எதைக் கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கலாம்?

பிள்ளை ஏழாம் வகுப்புக்குப் போகும்போதுதான் பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்குகிறது. டியூஷனுக்குத் தனியாகப் போக வேண்டியிருக்கிறது, வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது, கூடப் படிக்கிறவர்கள் எல்லோரிடமும் இருக்கிறதாம். ஒரு போன் வாங்கிக் கொடுத்துவிடலாமா? நான் பள்ளியில் கணினிப் பாடம் எடுப்பதால், பெற்றோர் கூட்டம் முடிந்த பிறகு இந்தக் கேள்வியோடு என்னிடம் நிற்பவர்கள் அதிகம். "எந்த ஆப் போட்டால் சார் பாதுகாப்பு?" என்றுதான் கேட்பார்கள்.

ஆப்களைப் பற்றியும் சொல்கிறேன். அதற்கு முன், எதை வைத்து ஒப்பிடுகிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். விலை, நேரக் கட்டுப்பாடு, ஆபாசத் தளங்களைத் தடுப்பது எல்லாமே கணக்கில் உண்டு. ஆனால் நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: ஏதாவது தப்பாக நடந்தால் அன்று ராத்திரியே பிள்ளை வீட்டில் வந்து சொல்லுமா?

ஏன் இதை முதலில் வைக்கிறேன் என்றால், பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் விதம் அப்படி. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்ற விளையாட்டில் ஒருவர் பழக்கமாவார். நன்றாக விளையாடுகிறாய் என்பார், விளையாட்டுக்குள் செலவழிக்கும் டைமண்ட் வாங்கித் தருகிறேன் என்பார். அப்புறம் வாட்ஸ்அப் எண் கேட்பார், அப்புறம் ஒரு படம். படம் கைக்கு வந்ததும் பேச்சு மாறும்: "இன்னும் அனுப்பு, இல்லையென்றால் இதை உன் அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன்." அவர் மிரட்டுவது போலீஸை வைத்தோ அடியாளை வைத்தோ இல்லை, நம்மை வைத்து. அப்பாவுக்குத் தெரிந்தால் அடி விழும், போன் போய்விடும், பள்ளிக்கூடத்தையே நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் பிள்ளையிடம் இருக்கும்வரை அந்த ஆளுக்கு வேலை சுலபம். பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பயம் இரட்டிப்பு. பையன்களும் மாட்டுகிறார்கள், வெட்கத்தில் அவர்கள் வாயே திறப்பதில்லை.

ஆகவே எந்த ஏற்பாட்டைச் செய்தாலும் அதோடு ஒரு வாக்குறுதியும் போக வேண்டும்: "நீ வந்து சொன்னால் போனைப் பிடுங்க மாட்டேன், அடிக்க மாட்டேன்." இனி ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

பட்டன் போன்

பஸ் ஏறிவிட்டேன், டியூஷன் முடிந்துவிட்டது என்று சொல்ல மட்டும் போன் வேண்டும் என்றால் இதற்கு மேல் தேவையே இல்லை. விலை குறைவு, சார்ஜ் நாள்கணக்கில் நிற்கும், தொலைந்தாலும் மனம் பெரிதாக நோகாது. கடையில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பட்டன் போன் என்றாலே இணையம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஜியோபாரத் போன்ற 4ஜி பட்டன் போன்களில் யுபிஐகூட இருக்கிறது. என்னென்ன சேவைகள் உண்டு என்று கேட்டு, தேவையில்லாததை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

குறை என்னவென்றால், இது பிள்ளையின் இணைய ஆசைக்குப் பதிலாகாது. வீட்டுப்பாடமும் யூடியூபும் இன்னொரு போனில் நடக்கத்தான் போகின்றன. அது பெரும்பாலும் நம் போன்.

அம்மா போன், அப்பா போன்

நம் வீடுகளில் அதிகம் நடப்பது இதுதான். தனிப் போன் கொடுக்கவில்லை, என் போனைத்தான் பார்க்கிறான், அதனால் பயமில்லை என்று பெற்றோர் நிம்மதியாக இருக்கிறார்கள். இருக்கும் வழிகளில் ஆபத்து குறைவாகத் தெரிவதும், உண்மையில் ஆபத்து அதிகமாக இருப்பதும் இதில்தான் என்பது என் கருத்து.

உங்கள் போன் பெரியவர் ஒருவரின் போன். கூகுள் கணக்கில் உங்கள் பிறந்த ஆண்டு இருக்கிறது. யூடியூப் உங்களை நாற்பது வயதுக்காரராக நினைத்துத்தான் வீடியோ காட்டுகிறது. விளம்பரங்களும் அப்படியே. போதாததற்கு அதிலேயே ஜிபே இருக்கிறது, வங்கிக் குறுஞ்செய்தி வருகிறது, குடும்பக் குழுவில் யாரோ அனுப்பிய விபத்து வீடியோ தானாக கேலரியில் இறங்கிக் கிடக்கிறது. மாமா, சித்தப்பா, அலுவலக நண்பர்கள் என்று எல்லோருடைய அரட்டையும் ஒரு தட்டலில் திறக்கும். பிள்ளை எதையும் தேடிப் போக வேண்டியதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. போன் உங்களுடையது என்பதால் தனக்கு வந்த செய்தியைப் பிள்ளை படித்ததும் அழித்துவிடும். பார்த்த வரலாற்றையும் அழித்துவிடும். கண்ணெதிரில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் நாம் பேசாமல் இருப்போம்.

வேறு வழியில்லை, வீட்டில் ஒரே போன்தான் என்றால் சில காரியங்களைச் செய்தாக வேண்டும். யுபிஐ ஆப்களுக்கும் வாட்ஸ்அப்புக்கும் தனிப் பூட்டு போடுங்கள். யுபிஐ பின் நம்பர் பிள்ளைக்குத் தெரியக் கூடாது. "கடைக்குப் போய் ஸ்கேன் பண்ணிட்டு வா" என்று சொல்லிக் கொடுத்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். பிளே ஸ்டோரில் பெற்றோர் கட்டுப்பாட்டை இயக்கி, எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். ஆண்ட்ராய்டில் ஓர் ஆப்பை மட்டும் திரையில் பூட்டிக் கொடுக்கும் வசதி இருக்கிறது, அமைப்புகளில் 'ஆப் பின்னிங்' என்று தேடினால் கிடைக்கும். பாடம் பார்க்க மட்டும் என்றால் அந்த ஆப்பைப் பின் செய்து கொடுங்கள்.

வைஃபையில் வடிகட்டி

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் ரூட்டரிலேயே வடிகட்டி போடலாம். கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020-லிருந்து குடும்பங்களுக்கென்று இலவச டிஎன்எஸ் சேவை (தளத்தின் பெயரை அதன் இணைய முகவரியாக மாற்றித் தரும் சேவை) தருகிறது. ரூட்டர் அமைப்பில் டிஎன்எஸ் முகவரிகளாக 1.1.1.3, 1.0.0.3 என்று கொடுத்தால், தீங்கான தளங்களும் ஆபாசத் தளங்களும் அந்த வைஃபையில் திறக்காது. ஹால் டிவி, டேப்லெட், வருகிற விருந்தாளியின் போன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் முடிந்துவிடும். ரூட்டருக்கு நிறுவனம் வைத்துத் தந்த கடவுச்சொல்லையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

மொபைல் டேட்டாவுக்கு மாறினால் இந்த வடிகட்டி வேலை செய்யாது, இணைய இணைப்பை வேறு வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் ஆப் போட்டாலும் செய்யாது. யூடியூபுக்குள்ளோ இன்ஸ்டாகிராமுக்குள்ளோ நடப்பதையும் இது பார்க்காது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நல்ல அடித்தளம். ஏழாம் வகுப்புக்கு இது மட்டும் போதாது.

ஒளிந்து பார்க்கும் ஆப்கள்

"பிள்ளைக்குத் தெரியாமல் அவர்கள் வாட்ஸ்அப்பைப் படிக்கலாம்" என்று விளம்பரம் செய்யும் ஆப்கள் நிறைய. பயந்துபோன பெற்றோர் இதில் காசு போடுகிறார்கள். நான் யாருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் பாதுகாப்பையே எடுத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட ஆப்களில் பல பிளே ஸ்டோரில் கிடைப்பதில்லை. வெளியிலிருந்து இறக்கி, போனின் பாதுகாப்புச் சோதனையை அணைத்துவிட்டுத்தான் போட வேண்டும். அப்புறம் பிள்ளையின் படங்கள், பேச்சு, இருப்பிடம் எல்லாம் எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். இந்தத் தொழிலில் பெயர்பெற்ற எம்ஸ்பை நிறுவனத்தின் வாடிக்கையாளர் தரவு 2015, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் வெளியே கசிந்தது. பிள்ளையைக் காப்பாற்ற வாங்கியதே பிள்ளையின் படங்களை வெளியே விடும் ஓட்டையாகலாம்.

அதைவிடப் பெரிய நஷ்டம், கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆகும் என்பது. பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், சந்தேகமே வேண்டாம். அதற்குப் பிறகு நண்பனின் போனில் இன்னொரு கணக்கு தொடங்கும், வீட்டில் பேச்சு நின்றுபோகும். நான் முதலில் சொன்ன அளவுகோலில் இந்த வழிக்கு மதிப்பெண் பூஜ்யம்.

தனிப் போன், மேலே ஃபேமிலி லிங்க்

வெளிப்படையாகக் கட்டுப்படுத்தும் ஆப் வேறு வகை. பிள்ளைக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆண்ட்ராய்டுக்கு கூகுளின் ஃபேமிலி லிங்க் இலவசம், 2017-லிருந்து இருக்கிறது. பெற்றோர் கையில் ஐபோன் இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளையின் போன் ஆண்ட்ராய்டாக இருக்க வேண்டும். பிள்ளைக்கு ஐபோன் என்றால் ஆப்பிளின் 'ஸ்கிரீன் டைம்' அதிலேயே இருக்கிறது. நிர்வாணப் படம் வந்தாலோ அனுப்ப முயன்றாலோ போனுக்குள்ளேயே கண்டுபிடித்து, படத்தை மங்கலாக்கிப் பிள்ளையை எச்சரிக்கும் வசதியும் ஆப்பிளில் உண்டு. நம்மூரில் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு என்பதால் அதைப் பற்றியே பேசுகிறேன்.

ஃபேமிலி லிங்க் என்ன செய்யும்? எந்த ஆப்பை இறக்குவதானாலும் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும். ஒவ்வோர் ஆப்புக்கும் நேரம் வைக்கலாம், ராத்திரி இத்தனை மணிக்குப் போன் பூட்டிக்கொள்ளட்டும் என்று வைக்கலாம், போன் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். யூடியூபில் பிள்ளையின் வயதுக்கேற்ற அளவைத் தேர்ந்தெடுக்கலாம். குரோம் பிரவுசரில் ஆபாசத் தளங்களைத் தடுக்க முயலும், அல்லது நீங்கள் அனுமதித்த தளங்களை மட்டும் திறக்கும்.

என்ன செய்யாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். யாரோடு என்ன பேசுகிறார்கள் என்பதை இது காட்டாது. குரோமுக்கு வைத்த வடிகட்டி மற்ற ஆப்களுக்குள் திறக்கும் இணைப்புகளுக்குப் பொருந்தாது, அதனால் வேறு பிரவுசர்களை அனுமதிக்காதீர்கள். டியூஷன் நண்பனின் போனில் எதுவும் செய்ய முடியாது. உங்கள் பின் நம்பர் பிள்ளைக்குத் தெரிந்தால் எல்லாம் முடிந்தது.

இதில் பலர் சறுக்கும் இடம் பிறந்த தேதி. 13 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் வழியாகத்தான் கூகுள் கணக்கு தொடங்க முடியும். அது நாலைந்து நிமிடம் கூடுதல் வேலை என்பதால், கடைக்காரரோ வீட்டு அண்ணனோ 1995 என்று போட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு பொய்யில் பிள்ளைகளுக்கென்று இருக்கும் பாதுகாப்பு அத்தனையும் அணைந்துபோகிறது. இன்ஸ்டாகிராமும் அப்படித்தான். 2025-லிருந்து இந்தியாவிலும் 'டீன் அக்கவுண்ட்' வந்திருக்கிறது. கணக்கு தானாகவே மறைவாக இருக்கும், தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது, இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்புகள் வராது, 16 வயதுக்குக் கீழ் இருந்தால் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். பிறந்த ஆண்டு சரியாக இருந்தால்தான் இவ்வளவும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்ஸ்டாகிராமே வேண்டாம் என்பதுதான் என் நிலை, அதன் குறைந்தபட்ச வயதே 13.

சிம் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் 18 வயது ஆகாதவர் பெயரில் சிம் தர மாட்டார்கள். பிள்ளை போனில் இருப்பது உங்கள் பெயரிலுள்ள சிம். அதில் நடப்பதற்கெல்லாம் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

ஏழு, எட்டாம் வகுப்புக்கு நான் சொல்வது இரண்டு கருவிகள்: வெளியே எடுத்துப் போகப் பட்டன் போன், வீட்டில் பயன்படுத்த சிம் இல்லாத பழைய ஸ்மார்ட்போன்.

பெரும்பாலான வீடுகளில் அலமாரியில் ஒரு பழைய போன் கிடக்கும். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். நன்றாக இருந்தால் முழுதாக ரீசெட் செய்து, உண்மையான பிறந்த தேதியோடு பிள்ளைக்கென்று ஒரு கணக்கு தொடங்கி, ஃபேமிலி லிங்க்கில் இணையுங்கள். வைஃபை உள்ள வீட்டில் ரூட்டர் வடிகட்டி இதற்கும் சேர்த்து வேலை செய்யும். வைஃபை இல்லையென்றாலும் கவலையில்லை, அம்மா போனின் ஹாட்ஸ்பாட் இருக்கிறது. அம்மா ஹாட்ஸ்பாட்டை அணைத்தால் அன்றைய இணையம் முடிந்தது. இதைவிட எளிய நேரக் கட்டுப்பாட்டை எந்த ஆப்பும் தராது. போன் ஹாலில் சார்ஜ் ஏறட்டும், ராத்திரி படுக்கையறைக்குப் போகக் கூடாது. இந்த விதி பெரியவர்களுக்கும் சேர்த்து என்றால் பிள்ளைகள் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள்.

வீட்டுப்பாடத்துக்காக உங்கள் வாட்ஸ்அப்பையே அந்தப் பழைய போனிலும் இணைத்துக் கொடுக்காதீர்கள். நிறைய வீடுகளில் இப்படிச் செய்கிறார்கள். உங்களுக்கு வரும் ஒவ்வொரு செய்தியும் அங்கேயும் போகும்.

இதில் குறை இல்லாமல் இல்லை. பழைய போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றிருக்கலாம், அதனால் வங்கி, யுபிஐ எதையும் அதில் வைக்கக் கூடாது. நண்பர்கள் கேலி செய்கிறார்கள் என்று பிள்ளை அழும், அது பிள்ளைக்கு நிஜமான வருத்தம்தான். ஒன்பதாம் வகுப்பு வாக்கில் சிம்மோடு தனிப் போன் தருகிறேன் என்று இப்போதே சொல்லி வையுங்கள், சொன்னபடி கொடுங்கள். கட்டுப்பாடுகளை ஒரேயடியாக எடுக்காமல் ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள்.

பள்ளியில் எடுக்க வேண்டிய முடிவு

இவ்வளவு சிக்கலுக்கும் ஒரு காரணம் நாங்கள், ஆசிரியர்கள். வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் போட்டதால்தான் பல வீடுகளில் பிள்ளை கைக்குப் போன் போனது. எனவே எங்களுக்கும் ஓர் ஒப்பீடு இருக்கிறது.

வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு என்பது வழக்கம். அதில் ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். பிள்ளையின் எண் அதில் இருந்தால், அறுபது வீடுகளில் யார் போனை எடுத்துப் பார்த்தாலும் அந்த எண் கிடைத்துவிடும். வாட்ஸ்அப் சேனல் 2023-இல் வந்தது. அதில் ஆசிரியர் மட்டும் பதிவிடலாம், பின்தொடர்கிறவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. அறிவிப்பு மட்டும் அனுப்புவதானால் குழுவைவிடச் சேனல் மேல். ஆனால் என் முதல் தேர்வு டைரிதான். ஏழாம் வகுப்புப் பிள்ளையால் கரும்பலகையைப் பார்த்து நாலு வரி எழுத முடியும். டைரி எழுதினால் அன்று மாலை பிள்ளைக்குப் போன் கேட்கக் காரணமே இல்லை. குழு வேண்டும் என்றால் பெற்றோர் எண்ணை மட்டும் சேர்த்து, அட்மின் மட்டும் பதிவிடும்படி வையுங்கள்.

ஆசிரியர் எவரும் மாணவரோடு தனிச் செய்தியில் பேசக் கூடாது என்ற விதியும் வேண்டும். சந்தேகம் என்றால் வகுப்பில் கேட்கட்டும், அவசரம் என்றால் பெற்றோர் எண்ணுக்கு. நல்ல ஆசிரியர்கள் இதற்கு வருத்தப்படத் தேவையில்லை. "பெரியவர் ஒருவர் உன்னிடம் ரகசியமாகச் செய்தி அனுப்பினால் அது சரியில்லை" என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, அந்த விதிக்கு நாமே விலக்காக இருக்கக் கூடாது.

சட்டம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழ் சமூக ஊடகக் கணக்கு வைக்கக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. பொறுப்பு முழுவதும் நிறுவனங்கள் மேல், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. அதே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, இப்படியொரு சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்று சொன்னது. வந்தால் நல்லதே. ஆனால் உங்கள் பிள்ளை இந்த ஜூனில் ஏழாம் வகுப்பு போகிறது.

நடந்துவிட்டால்

பிள்ளை வந்து சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் சொன்னதற்காகப் பாராட்டுங்கள். யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள், அனுப்பினால் கேட்பது கூடும். கோபத்தில் அந்த ஆளிடம் நீங்களே பேசாதீர்கள். எதையும் அழிக்காதீர்கள். கணக்கின் பெயர், எண், மிரட்டல் வந்த நேரம் எல்லாம் வேண்டும்.

ஒன்றைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆதாரம் என்று நினைத்து அந்தப் படத்தை மைத்துனருக்கும் வகுப்பாசிரியருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். 18 வயதுக்கு உட்பட்டவரின் ஆபாசப் படத்தை அனுப்புவது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்திலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவிலும் குற்றம். வைத்திருப்பது பற்றிக்கூட உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றை ரத்து செய்து, கடுமையாகச் சொல்லியிருக்கிறது. போனை அப்படியே எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள்.

1098 குழந்தைகள் உதவி எண், எந்த நேரமும் பேசலாம். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930. சைபர் கிரைம் புகாருக்கான தேசிய இணையதளத்தில், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். தமிழ்நாட்டு மாணவர்கள் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணையும் கூப்பிடலாம். படம் பரவிவிடுமோ என்ற பயம் இருந்தால், அமெரிக்காவின் காணாமல்போன குழந்தைகள் மையம் நடத்தும் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் போனைவிட்டு வெளியே போகாது, அந்தப் படத்திலிருந்து கணக்கிட்டு எடுத்த, கைரேகை போன்ற ஓர் அடையாளக் குறியீடு மட்டும் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அந்தக் குறியீட்டை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும்.

ஆசிரியருக்கு இது தெரியவந்தால், தலைமையாசிரியர் அறையில் இரண்டு வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசி முடிக்கிற விஷயம் இல்லை. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காமல் விட்டால் அதற்கே தண்டனை உண்டு. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று பிள்ளையின் வாயை மூடச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், நீங்கள் அந்தப் பக்கம் நிற்காதீர்கள்.